கணினியில் டிவி பார்க்க ட்யூனர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் மாதம் தவறாமல் என்னிடம் வருகின்றன. ஹாஸ்டலில் இருக்கும் பையன் கேட்பான். பழைய மானிட்டரைத் தூக்கிப்போட மனமில்லாத பெரியவர் கேட்பார். பரணில் கல்யாண கேசட் கிடைத்தவர் கேட்பார். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டுக்குள்ள வர்றது என்ன ஒயர்?" கேபிளா, டிஷ்ஷா, ஆன்டெனாவா என்று தெரிந்துவிட்டால் எந்த ட்யூனர் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒயரைப் பார்க்காமல் ட்யூனரைப் பார்த்து வாங்கியவர்கள்தான் காசை விட்டவர்கள். கீழே இருப்பது தமிழ்நாட்டு நிலவரம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

ட்யூனர் உண்மையில் என்ன செய்கிறது?

ஒயரிலும் காற்றிலும் எல்லாச் சேனல்களும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. ரேடியோவில் முள்ளைத் திருப்பி ஒரு நிலையத்தைப் பிடிப்பதுபோல, அந்தக் கூட்டத்திலிருந்து நமக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுத்துக் கணினிக்குப் புரியும்படி கொடுப்பது ட்யூனர். டிவிக்குள்ளும் செட்-டாப் பாக்ஸுக்குள்ளும் இருப்பதும் இதே உறுப்புதான்.

கார்டு, பென் டிரைவ் மாதிரி யூ.எஸ்.பி. குச்சி, தனிப் பெட்டி என்று பல வடிவங்களில் கிடைக்கும். வடிவம் முக்கியமில்லை. எந்த ஒளிபரப்பு முறை அதற்குத் தெரியும் என்பதே முக்கியம். பழைய அனலாக் ஒளிபரப்புக்கு பால் (PAL) முறை. டிஷ்ஷுக்கு டி.வி.பி.-எஸ், எஸ்2 (DVB-S, S2). டிஜிட்டல் கேபிளுக்கு டி.வி.பி.-சி. ஆன்டெனாவுக்கு டி.வி.பி.-டி, டி2. டிஷ்ஷுக்கென்று வாங்கியது கேபிளில் வேலை செய்யாது. கேபிளுக்கு வாங்கியது ஆன்டெனாவில் வேலை செய்யாது. அட்டைப்பெட்டியில் இந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

பழைய ட்யூனர் கார்டு ஒன்று கிடக்கிறது. கேபிள் ஒயரைச் சொருகி ஸ்கேன் செய்தால் ஒரு சேனல்கூட வரவில்லை. கார்டு போய்விட்டதா?

பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். மாறிப்போனது ஒயரில் வருவது.

2000-களில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை இந்தக் கார்டுகள் தொங்கின. கணினிக்குள் இருக்கும் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகி, கேபிள்காரர் இழுத்துவிட்ட ஒயரை நேராகப் பின்னால் சொருகி, மென்பொருளில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் போதும், சேனல்கள் வரிசையாக வந்து உட்காரும். அன்று கேபிளில் வந்தது அனலாக் சிக்னல், பூட்டு எதுவும் கிடையாது. கட்டணச் சேனல்களுக்குப் பாக்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2011-ல் சட்டம் திருத்தப்பட்டு, கேபிளை டிஜிட்டலாக்கும் வேலை கட்டம் கட்டமாக நடந்தது. கடைசிக் கட்டத்தின் கெடு 2017 மார்ச். அரசு கேபிள் நிறுவனமும் அந்த ஆண்டில்தான் செட்-டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒயரில் ஓடுவது டிஜிட்டல் சிக்னல். அனலாக் கார்டுக்கு அது வெறும் இரைச்சல், அதனால்தான் திரை முழுக்கப் புள்ளியாகத் தெரிகிறது. காற்றிலும் இதே கதைதான். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய நாள் முதல் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டது.

ஆனாலும் அந்தக் கார்டைக் குப்பையில் போடாதீர்கள். பின்பக்கத்தில் மஞ்சள் நிற ஏ.வி. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு இன்னும் ஒரு நல்ல வேலை பாக்கி இருக்கிறது. கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்படியானால் டிஜிட்டல் கேபிளை நேராகப் பிடிக்கும் டி.வி.பி.-சி ட்யூனர் வாங்கலாமா?

வேண்டாம். ட்யூனர் சிக்னலைப் பிடிக்கும், சேனல் பெயர்கள்கூடப் பட்டியலில் வந்துவிடும். படம்தான் வராது. சேனல்களைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். சாவி உங்கள் பாக்ஸுக்குள் இருக்கிறது. கேபிள்காரர் பாக்ஸ் நம்பரை ஆக்டிவேட் செய்தால்தான் அந்தச் சாவி வேலை செய்யும். கணினி ட்யூனருக்கு அதைக் கொடுக்க இங்கே வழி இல்லை.

பூட்டை உடைக்கும் சாஃப்ட்வேர், இன்டர்நெட் வழியாகக் கார்டைப் பகிர்வது என்றெல்லாம் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். போதாக்குறைக்கு, அந்த சாஃப்ட்வேரை ஏற்றிய கம்ப்யூட்டர்கள் வைரஸோடு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

செட்-டாப் பாக்ஸையே கணினியோடு இணைக்க முடியாதா?

முடியும். இன்றைக்குப் பலருக்கும் ஏற்ற வழி இதுதான். ஆனால் இதற்குத் தேவை ட்யூனர் இல்லை, கேப்சர் கருவி. ட்யூனர் வேலையைப் பாக்ஸ் செய்துவிடுகிறது. கேப்சர் கருவி பாக்ஸிலிருந்து வெளியே வரும் படத்தை வாங்கி யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குள் விடுகிறது. சேனல் மாற்றுவது பாக்ஸின் ரிமோட்டில்தான்.

பாக்ஸில் இரண்டு வகை வெளியீடு இருக்கும். ஒன்று மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயர். இன்னொன்று எச்.டி.எம்.ஐ. எச்.டி.எம்.ஐ.யில் படம் தெளிவு என்று அதற்குரிய கேப்சர் குச்சியை வாங்கிவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பலர். காரணம் எச்.டி.சி.பி. என்ற காப்புப் பூட்டு. எதிர்முனையில் இருப்பது அனுமதி பெற்ற டிவியோ மானிட்டரோதானா என்று பாக்ஸ் கேட்கும். கேப்சர் குச்சியால் பதில் சொல்ல முடியாது. பாக்ஸ் படத்தை நிறுத்திவிடும். குச்சி பழுதென்று திருப்பி அனுப்பி, மாற்றி வாங்கினாலும் அதேதான் நடக்கும். ஏ.வி. ஒயரில் இந்தத் தொந்தரவு இல்லை. தெளிவு சற்றுக் குறைவு, ஆனால் படம் வரும்.

இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது பெரிய திரையில் பார்ப்பது மட்டும்தான், பதிவு வேண்டாம் என்றால் நடுவில் கருவியே தேவையில்லை. மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் பாக்ஸை நேராக மானிட்டரில் சொருகுங்கள். மானிட்டருக்குப் பூட்டின் பதில் தெரியும். ஒலிக்கு மானிட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் எடுத்தால் போதும்.

மானிட்டர் பழசு. நீல நிற வி.ஜி.ஏ. துளை மட்டும்தான் இருக்கிறது.

அதற்காகவே வந்தது தனிப்பெட்டி ட்யூனர். சி.பி.யு.வின் வி.ஜி.ஏ. ஒயரைப் பெட்டியில் சொருகி, பெட்டியிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு ஒயர் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே டிவி ஓடும். ஒருகாலத்தில் பேச்சுலர் அறைகளில் இது இல்லாத அறை அபூர்வம். இன்றும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் ட்யூனர் பகுதி அனலாக் என்பதால் அதை மறந்துவிடுங்கள். முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருக்கும் ஏ.வி. துளையில் செட்-டாப் பாக்ஸைச் சொருகி, ரிமோட்டில் ஏ.வி.க்கு மாற்றினால் படம் வந்துவிடும்.

கேப்சர் கருவியில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலும் கீழும் ஓடுகிறது. என்ன செய்வது?

சாஃப்ட்வேரில் என்.டி.எஸ்.சி. என்று இருப்பதைப் பால் என்று மாற்றுங்கள். இந்தியாவில் பால் முறை: நொடிக்கு 25 படம், 576 வரி. அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் ஏறக்குறைய 30 படம், 480 வரி. விலை மலிவான குச்சிகள் அமெரிக்க அமைப்பில்தான் கிளம்பும். ஒரே ஒரு க்ளிக், நிறம் வந்துவிடும்.

செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறதே?

நல்ல கண் உங்களுக்கு. படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: "க" என்ற எழுத்தின் நேர்கோடு நேராக இல்லாமல், ஒரு வரி இடப்பக்கம், அடுத்த வரி வலப்பக்கம் என்று பல் பல்லாக நிற்கும். டிவி ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதியாக அனுப்புகிறார்கள். பழைய குழாய் டிவி அப்படியே மாற்றி மாற்றி வரைந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கணினி இரண்டு பாதியையும் ஒட்டவைத்து ஒரே படமாகக் காட்டுகிறது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் எழுத்து நகர்ந்துவிட்டதால் பல் விழுகிறது. வி.எல்.சி. பிளேயரில் வீடியோ பட்டியலுக்குள் டீ-இன்டர்லேஸ் என்பதை ஆன் செய்து, முறையில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும். கிரிக்கெட் பந்தும் வால் முளைக்காமல் பறக்கும்.

மாதாமாதம் பணம் கட்டாமல் கணினியில் டிவி பார்க்க வழி உண்டா?

உண்டு. டி.டி. ஃப்ரீ டிஷ். என்னைக் கேட்டால், இன்று தமிழ்நாட்டில் "ட்யூனர்" என்ற சொல்லுக்கு முழு நியாயம் செய்வது டி.வி.பி.-எஸ்2 ட்யூனர் ஒன்றுதான். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் இந்தச் சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. பூட்டில்லாத சேனல்களைக் கணினி ட்யூனர் நேரடியாகப் பிடிக்கும்.

தமிழ் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. பொதிகை என்று நாம் அழைத்துவந்த, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனல் வரும். மற்றபடி கூட்டம் இந்திச் சேனல்களுடையது. பிரபலமான தமிழ்த் தொடர்களுக்காகவென்றால் இது உங்களுக்குப் பயன்படாது. செய்தி, தூர்தர்ஷனின் மற்ற மொழிச் சேனல்கள், ஆகாசவாணி வானொலி என்று விரும்பிக் கேட்பவர்களுக்கு, இன்டர்நெட் எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு, இது பெரிய சொத்து. வானொலி நிலையங்களும் இதே டிஷ்ஷில் இரைச்சலே இல்லாமல் வருகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வேண்டியவை: 60 செ.மீ. டிஷ், கே.யு. பேண்ட் எல்.என்.பி. (டிஷ் மேல் நின்று அலையை வாங்கிக் கீழே அனுப்பும் உறுப்பு), ஆர்.ஜி.-6 ஒயர், அதன் முனையில் மாட்டும் எஃப் கனெக்டர், டி.வி.பி.-எஸ்2 ட்யூனர். மேசைக் கணினி என்றால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு நல்லது. லேப்டாப் என்றால் யூ.எஸ்.பி. பெட்டி. யூ.எஸ்.பி. பெட்டியோடு ஒரு 12 வோல்ட் அடாப்டர் வரும், அதைக் கட்டாயம் சொருக வேண்டும். டிஷ் மேல் இருக்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் கொடுப்பது ட்யூனர்தான்: செங்குத்து அலைகளுக்கு 13 வோல்ட், கிடை அலைகளுக்கு 18 வோல்ட். லேப்டாப்பின் யூ.எஸ்.பி. துளை தருவது வெறும் 5 வோல்ட். அடாப்டரைச் சொருகாமல் "சிக்னல் பூஜ்யம்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாஃப்ட்வேரில் எல்.என்.பி. வகை கேட்டால் யூனிவர்சல், 9750/10600 என்று கொடுங்கள். விண்ணிலிருந்து வரும் 11,000 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து இந்த 9,750-ஐக் கழித்து 1,250 ஆக்கித்தான் எல்.என்.பி. கீழே அனுப்புகிறது. இந்த எண் தவறாக இருந்தால் ட்யூனர் காலி இடத்தில் தேடிக்கொண்டே இருக்கும், ஒரு சேனலும் விழாது.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

ஜிசாட்-15 நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். சென்னையிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 134 பாகை, ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. மதுரையிலிருந்து சுமார் 122 பாகை, இன்னும் கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. இரண்டு ஊரிலும் உயரக் கோணம் 68 பாகைக்குப் பக்கம். அதாவது தலைக்கு மேலே பார்ப்பதற்குக் கொஞ்சம் குறைவு. அதனால் பக்கத்து வீட்டுச் சுவர் பெரும்பாலும் மறைக்காது. தென்னை ஓலை மறைக்கும். டிஷ்ஷின் தட்டு பார்வைக்கு அவ்வளவு மேல்நோக்கி இருக்காது, அந்த வடிவம் அப்படி. அளவுகோல் பொறித்த பட்டை பின்னால் இருக்கும், அதை நம்புங்கள்.

ஃபோன் திசைகாட்டியை டிஷ் கம்பியிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரும்புக்குப் பக்கத்தில் அது பொய் சொல்லும். திசையை முடித்தபின் எல்.என்.பி.யைப் பிடிப்பானிலேயே மெல்ல மெல்லத் திருகிப் பாருங்கள். பல வீடுகளில் திசை சரியாக இருந்தும் இந்தத் திருகல் சரியில்லாததால்தான் பாதிச் சேனல் விழுவதில்லை. லேப்டாப்பை மாடிக்கே தூக்கிக்கொண்டு போய் சிக்னல் பட்டையைப் பார்த்தபடி செய்தால் இருபது நிமிட வேலை. கீழே ஒருவர் "வருது... போச்சு" என்று கத்த, மேலே ஒருவர் திருப்பினால் அரை நாள்.

ஆன்டெனாவோடு வரும் சிறிய யூ.எஸ்.பி. குச்சி மலிவாக இருக்கிறதே?

நானும் அப்படி ஒன்று வாங்கினேன். ஆன்லைனில் விற்றவர் "இந்தியா முழுதும் டிவி தெரியும்" என்று போட்டிருந்தார். வந்தது டி.வி.பி.-டி குச்சி, ஒரு சாண் ஆன்டெனா, குட்டி ரிமோட். மாடி, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி மேல் என்று மூன்று இடத்தில் வைத்து ஸ்கேன் செய்தேன். ஒன்றும் விழவில்லை. விழாது. தூர்தர்ஷன் 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டி.வி.பி.-டி2. கடைசியில் இருக்கும் அந்த "2" தான் எல்லாம். டி2 கருவி பழைய டி ஒளிபரப்பையும் பிடிக்கும். டி கருவிக்கு டி2 புரியாது. டி2 வாங்குவதாக இருந்தாலும், அந்த நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏமாந்து வாங்கியவர்களுக்கு ஓர் ஆறுதல். குச்சிக்குள் ஆர்.டி.எல்.2832யு என்ற சிப் இருந்தால் அது அருமையான பொருள். டிவியைத் தவிர மற்ற அலைகளையும் அது பச்சையாகவே கணினிக்குக் கொடுத்துவிடும் என்று 2012 வாக்கில் லினக்ஸ் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க மாணவர்கள் இதை வைத்து ரேடியோ படிக்கிறார்கள். திரையில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நம் ஊர் எஃப்.எம். நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு குன்று மாதிரி எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். 101.4-ல் நிற்கும் குன்றைத் தொட்டால் சென்னை வானொலி பாடும். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கொடுத்துவிடுங்கள். என்னுடையது அப்படித்தான் அக்கா மகனிடம் போனது.

வெளிநாட்டில் இருக்கிறோம். எங்களுக்கு எது?

சிங்கப்பூரில் 2019 தொடக்கத்தில் அனலாக் முடிந்துவிட்டது. இப்போது டி.வி.பி.-டி2. ஒரு டி2 யூ.எஸ்.பி. குச்சியும் சாதாரண ஆன்டெனாவும் இருந்தால் வசந்தம் சேனல் கணினியில் இலவசமாக, பளிச்சென்று வரும். தமிழ்ச் சேனலைக் காற்றிலிருந்து நேராகப் பிடித்துக் கணினியில் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. மலேசியாவிலும் 2019-க்குள் அனலாக் போய் டி2 வந்துவிட்டது. பிரிட்டனில் சாதாரணச் சேனல்களுக்கு டி, எச்.டி. சேனல்களுக்கு டி2, எனவே டி2 வாங்கினால் இரண்டும் கிடைக்கும். அமெரிக்காவில் ஏ.டி.எஸ்.சி. என்ற வேறு முறை. ஊரிலிருந்து எடுத்துப் போகும் எந்த டி.வி.பி. கருவியும் அங்கே உதவாது, அங்கிருந்து கொண்டுவருவது இங்கே உதவாது. "மாமா அமெரிக்காவிலிருந்து ட்யூனர் வாங்கி வந்தார்" என்ற வகை இதில் அடக்கம்.

இலங்கையில் டிஜிட்டலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜப்பானிய முறை. அது முழுதாக நடைமுறைக்கு வரும்வரை அங்கே பழைய பால் கார்டுகளை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. கொடைக்கானல் மலை மேல் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து வந்த படத்தை யாழ்ப்பாணத்தில் உயரமான ஆன்டெனா வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் கடலோர ஊர்களில் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். அலைக்குக் கடலும் எல்லையும் ஒரு பொருட்டாக இல்லாத காலம் அது.

எந்த சாஃப்ட்வேர்?

விண்டோஸ் 7-ல் மீடியா சென்டர் இருந்தது, விண்டோஸ் 10-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது விண்டோஸில் நெக்ஸ்ட்-பி.வி.ஆர். இலவசம், பதிவு நேரம் குறித்து வைக்க வசதி. புரோக்-டி.வி.பி. டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கும். லினக்ஸில் சும்மா பார்க்க காஃபீன். வீட்டில் எல்லோரும் பார்க்க டிவிஹெட்எண்ட்: ட்யூனர் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், வைஃபை வழியாக அம்மா ஃபோனில் பார்க்கலாம். கேப்சர் கருவிக்கு ஓ.பி.எஸ். அல்லது வி.எல்.சி. போதும்.

பழைய கார்டுகளுக்கு 64-பிட் விண்டோஸ் டிரைவர் தேடி நாள்களை வீணாக்க வேண்டாம். பலவற்றுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. கண்ட தளத்திலிருந்தும் டிரைவர் இறக்காதீர்கள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு பூட் செய்து பாருங்கள். சிப் பழக்கமானதாக இருந்தால் டிரைவர் தேடாமலே வேலை செய்யும்.

பதிவு செய்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்?

டிஷ்ஷிலிருந்து டிஜிட்டலாக வருவதை அப்படியே எழுதினால் குறைவு. நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு சுமார் 1.35 ஜி.பி. கேப்சர் கருவியில் சுருக்காமல் எழுதினால் நொடிக்கு 20 எம்.பி.க்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு 70 ஜி.பி.யைத் தாண்டிவிடும். எனவே எச்.264 என்ற சுருக்க முறையில் எழுதுங்கள். வீட்டுக்குள் பார்க்கப் பதிவு செய்யுங்கள். யூடியூபில் ஏற்றுவது, காசுக்குக் கொடுப்பது கூடாது.

டி.வி.பி. ட்யூனரில் ஓர் அழகு இருக்கிறது. ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்கள் சேர்ந்தே வருவதால், ஒரு ட்யூனரை வைத்தே அந்தக் கூட்டத்தில் இருக்கும் இரண்டு மூன்று சேனல்களை ஒரே நேரத்தில் பதியலாம். வேறு அலைவரிசையில் இருக்கும் சேனலும் அதே நேரத்தில் வேண்டுமென்றால் இரண்டாவது ட்யூனரும், இரண்டு ஒயர் எடுக்கக்கூடிய ட்வின் எல்.என்.பி.யும் தேவை.

நேற்றுவரை நன்றாக வந்தது, இன்று படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

மழை கொட்டினால் பொறுங்கள், விட்டதும் வந்துவிடும். வெயிலிலும் உடைந்தால் ட்யூனரைக் கழற்றுவதற்கு முன் எஃப் கனெக்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நிற்கும் செம்புக் கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. அரையடி வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சுற்றியிருக்கும் வலைக் கம்பியில் ஒரே ஒரு இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், மொத்தச் சிக்னலும் போய்விடும். மயிரிழைதான், வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஃபோன் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னிடம் "ட்யூனர் போச்சு" என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடிந்தன.

எல்லாம் இன்டர்நெட்டில் வருகிறதே, இதெல்லாம் எதற்கு?

நல்ல இணைப்பும் டேட்டாவும் இருப்பவர்களுக்குத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்லைன் நேரலை பல நொடிகள் பின்தங்கி வருகிறது. தெருவே கத்தி முடித்தபிறகுதான் நம் திரையில் சிக்ஸர் விழும். டிஷ்ஷில் அந்த இடைவெளி மிகக் குறைவு. புயல் நேரத்தில் செல்ஃபோன் கோபுரம் படுத்துவிட்டால், பேட்டரி இருக்கும் லேப்டாப்பும் அசையாமல் நிற்கும் டிஷ்ஷும் இருந்தால் செய்தி வரும். கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. பெட்டியின் 12 வோல்ட்டை ஒரு சிறிய பேட்டரியிலிருந்தே எடுக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய கல்யாண வி.எச்.எஸ். கேசட்டைக் கணினியில் ஏற்ற முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் பழைய கார்டைத் தூக்கிப்போடாதீர்கள் என்றேன். கேசட் ஓட்டும் டெக்கின் மஞ்சள் ஒயர் கார்டின் மஞ்சள் துளைக்கு, வெள்ளையும் சிவப்பும் கணினியின் நீலநிற லைன்-இன் துளைக்கு. ட்யூனர் பகுதிக்கு வேலை போனாலும் ஏ.வி. பகுதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கார்டு இல்லாதவர்களுக்கு ஏ.வி. கேப்சர் குச்சி.

கேசட்டை எடுத்ததும் டெக்கில் தள்ளிவிடாதீர்கள். மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சை இல்லையென்றால் ஒருமுறை முழுதும் முன்னால் ஓட்டி, முழுதும் பின்னால் சுற்றி, பிறகு ஓட விடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா இளகும். டெக்குகள் இப்போது புதிதாகத் தயாராவதில்லை. ஓடும் டெக் கைவசம் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் சித்தப்பா கல்யாணக் கேசட்டை இப்படித்தான் ஏற்றினேன். மூன்று மணி நேரம், மூன்று பாகம். இரண்டாம் பாகத்தில் பந்தி. கேமராக்காரர் இலை இலையாக விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஒரு ஓரத்தில் ஆச்சி ரசவாளியோடு குனிந்து நிற்கிறாள், விளக்கு முகத்தில் பட்டதும் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஏழு நொடி. ஆச்சி அசைந்து நாங்கள் பார்த்த படம் அது ஒன்றுதான்.

ஏற்றியபின் கோப்புக்கு "மேரேஜ் 1" என்று பெயர் வைக்காதீர்கள். யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை ஓட்டி, எந்த நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.